ரொட்டி வண்டி வருது

ஜூன் 7, சனி

எறும்பின் அப்பா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நலம். உங்கள் நலத்தை ஞாயிறு மாலை உங்கள் மகளே சட்டையில் மாவு மணத்தோடு வந்து சொல்லிவிடுவாள்.

சமூகநல அலுவலகத்து அம்மா சொன்னபடி செய்து பார்ப்போம். போனில் பேசினால் நமக்குள் சண்டை, செய்தி அனுப்பினால் அதைவிடப் பெரிய சண்டை. அவசரத்துக்கு மட்டும் போன், மற்றதையெல்லாம் காகிதத்தில் எழுதி மருந்துப் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் வையுங்கள் என்றார். வாசலில் நம் இரண்டு பேர் குரலும் சேர்ந்து கேட்டால் இவள் காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதுவதை அன்று அவரே நின்று பார்த்தாரே. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வயிற்றுக் குழாய் போட்டு ஆறு வாரம் ஆகிறது. அதன் பிறகு இவள் உங்களிடம் தங்க வருவது இதுதான் முதல் தடவை, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பால் நான்கு வேளை. சிரிஞ்சை இவள் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தால் போதும், தானாக இறங்கும். அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். முடிந்ததும் குழாயில் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு அரை மணி நேரம் சாய்த்து உட்கார வையுங்கள். குழாயைப் பிடித்து இழுக்காமல் இருக்க வயிற்றைச் சுற்றி ஒரு துணிப்பட்டை தைத்திருக்கிறேன், கொக்கி முதுகுப் பக்கம் இருக்கிறது. வலிப்பு மருந்து காலை எட்டு, மாலை எட்டு. வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், பிறகு என்னை.

வாய் வழியாக ஒன்றும் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட. விழுங்கும் பயிற்சி தருகிற அந்தப் பெண் எக்ஸ்ரே படத்தை ஓடவிட்டுக் காட்டினாள். கரண்டியில் கொடுத்த பால் பாதி வயிற்றுக்குப் போகிறது, பாதி நுரையீரலுக்குப் போகிறது. இவள் இருமக்கூட இல்லை. "இருமினாத்தான் தப்புன்னு நினைச்சிடாதீங்க. இவளுக்குச் சத்தமே இல்லாம உள்ள போகுது" என்றாள். நான்கு மாதம் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்ப்பார்களாம். அதுவரை பொறுக்கத்தான் வேண்டும். ஒன்பது வயதுக்கு மூன்று நிமோனியா போதும்.

இப்படிக்கு,
எறும்பின் அம்மா


ஜூன் 8, ஞாயிறு

எறும்பின் அம்மாவுக்கு,

'அவர்களுக்கு, வணக்கம்' என்று மின்சார அலுவலகத்துக்கு மீட்டர் ஓடவில்லை என்று எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். பால், தண்ணீர், மருந்து எல்லாம் மணி தவறாமல் கொடுத்தாயிற்று. வலிப்பு வரவில்லை.

வந்ததும் வலது கையைச் சுவரில் வைத்தபடியே படியேறினாள். சுவரோரமாகவே ஊர்ந்து ஊர்ந்து இந்தப் பெயரை வாங்கினவள் ஆயிற்றே. பேக்கரிக்கு மேலே என் அறை உனக்குத் தெரியும். அடுப்பின் புகைப்போக்கி போகிற சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. காலை பத்து மணிக்குச் சுவர் ஆறிவிட்டது. தடவிப் பார்த்தாள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். யார் கண்ணையும் பார்க்காத பிள்ளை என்று ஃபைல் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்களே, சுவர் ஆறினால் மட்டும் நேராகப் பார்க்கிறாள். கீழே போய் அடுப்பை மூட்டினேன். உள்ளே ஒரு ரொட்டி இல்லை. முதலாளிக்குத் தெரிந்தால் "காத்தையா வேக வைக்கிற?" என்று கேட்பார்.

ஒரு தப்புச் செய்துவிட்டேன். சிரிஞ்சைத் தூக்கும்போது பழக்கதோஷத்தில் மூக்கால் பேசி, "ரொட்டி வண்டி வருது, கேட்டைத் தொற" என்று சொல்லிவிட்டேன். எட்டு வருஷமாகக் கரண்டியைத் தூக்கினால் சொல்கிற வார்த்தை. உடனே வாயைத் திறந்தாள். பால் குழாய் வழியாக இறங்கி முடிகிறவரை திறந்தபடியே வைத்திருந்தாள். கடைசியில் அவளே மூடிக்கொண்டாள். இந்தத் தெருவுக்கே ரொட்டி போடுகிறவன் நான்.

ஒரு பொட்டு அளவு, நாக்கில் ருசி மட்டும் காட்டினால் என்ன? அந்தப் பெண்ணிடம் கேட்டுத்தான் பாரேன்.

எறும்பின் அப்பா


ஜூன் 14, சனி

எறும்பின் அப்பா அவர்களுக்கு,

கேட்டேன். கூடாதாம்.

முதலில் அந்த ரொட்டி வண்டியை நிறுத்துங்கள். வராத வண்டிக்கு எதற்கு மணி அடிக்கிறீர்கள்? வாரத்துக்கு ஒரு நாள் அப்பாவாக இருப்பது சுலபம். கொஞ்சுவது உங்கள் பங்கு. குழாய், ஊசி, கூடாது என்ற சொல், இவை என் பங்கு. நீங்கள் இளகின மனசுக்காரர், நான் பிள்ளை வாயைக் கட்டிய கொடுமைக்காரி. பார்க்கிறவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். "பாவம், வாயால சாப்பிடற பிள்ளைக்கு எதுக்குக் குழா?" என்று உங்கள் அக்காவே என் முகத்துக்கு நேரே கேட்டார்.

ஆபரேஷன் அன்று ஒப்புதல் தாளில் தகப்பன் கையெழுத்துக்கு விட்டிருந்த கோட்டை வெறுமையாக விட்டுக் கொடுத்தேன். "அவர் வரலையாம்மா?" என்று நர்ஸ் கேட்டாள். வந்தால் அடுப்பில் ரொட்டி கருகிவிடும் என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துணிப்பட்டையில் கொக்கி தளர்ந்திருந்தது, மாற்றியிருக்கிறேன்.

எறும்பின் அம்மா


ஜூன் 15, ஞாயிறு

எறும்பின் அம்மாவுக்கு,

அன்று வந்தேன். இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்றிருந்தேன்.

ஏழு மணிக்கே வந்து நாலாவது மாடி வராந்தாவில் தூணுக்குப் பின்னால் நின்றேன். இவளைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். இவள் கை சுவரைத் தேடிற்று. வராந்தா அகலம், சுவர் எட்டவில்லை. காற்றைத் துழாவிக்கொண்டே போனாள். ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்திருக்க வேண்டும். உன் குரலும் என் குரலும் சேர்ந்தால் அலறுவாள் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். கதவு மூடியதும் படியிறங்கிப் போய் எழுபது கிலோ மாவு பிசைந்தேன். கோழை என்று எழுதிக்கொள், மறுக்கமாட்டேன்.

ரொட்டி வண்டியை நிறுத்திவிட்டேன். வாயை மூடிக்கொண்டு பால் விடுகிறேன்.

இன்னொன்று. கீழே மாவு நிறுக்கிற தராசில் இவளை உட்கார வைத்துப் பார்த்தேன். ஒன்றரை கிலோ கூடியிருக்கிறாள். கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிகிறது. நீ செய்ததுதான் சரி. நான் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

எறும்பின் அப்பா


ஜூன் 28, சனி

எறும்பின் அப்பாவுக்கு,

போன வாரம் ஒன்றும் எழுதாமல் பையை அனுப்பினேன். கோபத்தில் இல்லை. தூணுக்குப் பின்னால் நின்றவரை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. இவள் கை சுவரைத் தேடியது எனக்குத் தெரியாது. நான் தலைமாட்டில் நடந்துகொண்டு தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தது நீங்கள் ஒருவர்தான்.

தையல் கடையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. ஒரு வக்கீல் நாலு கோட்டைக் கொண்டுவந்து போட்டு, "எல்லாம் சுருங்கிப் போச்சும்மா, கொஞ்சம் விட்டுக் குடு" என்கிறார். கோட்டு நாலும் சுருங்கியதாம், அவர் மட்டும் அப்படியே இருக்கிறாராம். சிரித்ததை உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. ரொம்ப நாளாக இந்த நினைப்பு எனக்கு வந்ததில்லை.

ஒரு சோதனை செய்து பார்ப்போமா? நாளை மாலை வாசலில் நீங்கள் தணிந்த குரலில், "பால் மூணு மணிக்குக் குடுத்தாச்சு" என்று மட்டும் சொல்லுங்கள். நான் "சரி" என்கிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். இவள் காதைப் பொத்துகிறாளா பார்ப்போம்.

எறும்பின் அம்மா


ஜூலை 5, சனி

எறும்பின் அப்பாவுக்கு,

பார்த்தீர்களா? பொத்தவில்லை! கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவு நிலையைத் தடவிக்கொண்டே நின்றாள். நீங்கள் படியிறங்கிப் போன பிறகு இவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். வழக்கம்போலத் தள்ளிவிட்டுச் சுவருக்குப் போய்விட்டாள்.

நாளைக்கு இரண்டு வாக்கியம். அதுவும் சரியாகப் போனால் அடுத்த வாரம் உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம். சர்க்கரை ஒன்றரைக் கரண்டிதானே, மாறிவிடவில்லையே?

தையல்காரி
(கல்யாணமான புதிதில் நீங்கள் கூப்பிட்ட பெயர். ஞாபகம் இருந்தால் சரி.)


ஜூலை 6, ஞாயிறு

தையல்காரிக்கு,

ஞாபகம் இருக்கிறது. சர்க்கரையும் அதே ஒன்றரைதான். டீ குடிக்க வருகிறேன், சட்டைகூட வாங்கிவிட்டேன். கை நீளம், நீதான் மடித்துத் தைக்க வேண்டும்.

இன்றைக்கு இவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். ஏன் என்று கேட்காதே. அந்தச் சிரிப்பு உனக்கும் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரொட்டிக்காரன்


ஜூலை 10, வியாழன்

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நீங்கள் நிற்பது தெரிகிறது. உள்ளே வர வேண்டாம். இதை நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இரண்டு நுரையீரலிலும் சளி கட்டியிருக்கிறது. நேற்றுக் காலை உதடு நீலமாகிவிட்டது. இப்போது மூச்சுக்கு இயந்திரம். கையைக் கட்டிலோடு கட்டி வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் எல்லாக் குழாயையும் பிடுங்கிவிடுவாள்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வாய் வழியா ஏதாவது போச்சா?" என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை இவள் போட்டு வந்த மஞ்சள் சட்டையைக் கையோடு எடுத்து வந்திருந்தேன். கழுத்துப் பட்டையின் உள்மடிப்பில் காய்ந்த பால். நீங்கள் மேலோட்டமாகத் துடைத்திருக்கிறீர்கள். தைத்தவள் கண்ணுக்கு மடிப்பு தப்பாது. "இவங்க அப்பா குடுத்திருக்காரு" என்று சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

சிரித்தாள், ஏன் என்று கேட்காதே என்று எழுதினீர்களே, இப்போது கேட்கிறேன். இந்தச் சிரிப்புக்கு என்ன விலை என்று உள்ளே வந்து இந்த இயந்திரத்திடம் கேட்க உங்களுக்குத் தைரியம் உண்டா?

இனி இவளை அனுப்பமாட்டேன். கடிதமும் வேண்டாம்.


ஜூலை 11, வெள்ளி

எறும்பின் அம்மாவுக்கு,

கடிதம் வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் படித்துவிடு.

கொடுத்தேன். மூன்று ஞாயிறு. ரொட்டியின் உள்பக்க வெள்ளையைப் பாலில் ஊற வைத்து, மசித்து, கரண்டி நுனியில் பயறு அளவு. முதல் ஞாயிறு ஒரு தடவை, இரண்டாவது ஞாயிறும் ஒரு தடவை. மூன்றாவது ஞாயிறு நாலு தடவை, ஏனென்றால் சிரித்தாள். ஒரு தடவையும் இருமவில்லை. இருமாததுதான் ஆபத்து என்று நீ கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாய், நாலு தடவை படித்தேன் என்று பெருமையாக வேறு எழுதினேன். கரண்டியைக் கையில் எடுத்தபோது அது எதுவும் ஞாபகம் வரவில்லை. இவள் இருமவில்லை, அப்படியானால் சேருகிறது என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய முட்டாள்.

வண்டியை நிறுத்திவிட்டேன் என்று எழுதியபோது உண்மையிலேயே நிறுத்தியிருந்தேன். அடுத்த வாரம் சொல்லாமலே வாயைத் திறந்துகொண்டு வந்து முன்னால் நின்றாள். என்னால் முடியவில்லை.

வாரக்கடைசி உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று சமூகநல அலுவலகத் தாளில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஒரு தாளில் போடாத கையெழுத்தை இந்தத் தாளில் போட்டுவிட்டேன். நீயே கொடுத்துவிடு.

அவள் கட்டிலைச் சுவரோரமாகப் போடச் சொல். முடிந்தால் அது மட்டும்.


ஜூலை 27, ஞாயிறு

எறும்பின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வருகிறது. இனி பை வராது.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. பிழைத்துவிட்டாள். நாள் முழுவதும் ஆக்சிஜன் வேண்டும். இயந்திரம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதன் குழாய் நீளம்தான் இவள் உலகம். நாலு எட்டு வைத்தால் உட்கார்ந்துவிடுகிறாள். உங்கள் மாடிப்படியை இனி ஏறமாட்டாள். வாய் வழியாக என்ற பேச்சும் முடிந்தது. நான்கு மாதம் கழித்துப் படம் எடுக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது எழுதப்போவதை எழுதப் பதினேழு நாள் ஆயிற்று.

நானும் கொடுத்தேன்.

உங்களுக்கு முன்பே. மே மாதக் கடைசியிலிருந்து, புதன்கிழமைகளில் கடையிலிருந்து சீக்கிரம் வருவேன், ஜன்னலைச் சாத்திவிட்டு. முதலில் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த விரல். பிறகு பாலில் கரண்டி நுனி. பிறகு அரைக் கரண்டி. என் குரலில் கூப்பிட்டால் இவள் வாயைத் திறக்கவில்லை. அதனால் உங்களைப் போல மூக்கால் பேசி, "ரொட்டி வண்டி வருது, கேட்டைத் தொற" என்றேன். திறந்தாள். கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே விழுங்கினாள்.

வராத வண்டிக்கு எதற்கு மணி என்று ஜூன் பதினான்காம் தேதி உங்களைக் கரித்துக் கொட்டினேனே, அதற்கு மூன்று நாள் முன்னால்கூடக் கொடுத்தேன். அந்தப் பெண்ணிடம் கேட்டேன், கூடாதாம் என்று எழுதியது பொய். கேட்கவேயில்லை. கேட்டால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். கழுத்துப் பட்டையின் உள்மடிப்பைப் போய்ப் பார்க்க எனக்கு எப்படித் தோன்றியது என்று நீங்கள் யோசித்தீர்களா? புதன்கிழமைகளில் நான் துடைத்ததும் அதே இடத்தைத்தான். நான் நன்றாகத் துடைத்தேன், அதுதான் வித்தியாசம்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் இரண்டு இடம், பழி மட்டும் ஓரிடமாகப் போயிற்று. யார் கரண்டி நுரையீரலுக்குப் போனது என்று எந்தப் படமும் காட்டாது. டாக்டர் கேட்டபோது, இவளை என்னிடமிருந்தும் எடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். நீங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றீர்கள், சுலபமாகக் கை நீட்டிவிட்டேன். முந்தாநாள் அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "உங்களை மாதிரி நிறைய பேர் வந்து சொல்றதில்லைம்மா, ஆனா குடுக்கறாங்க" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளை நான் கொடுக்கவில்லை. இதோடு திருப்பி அனுப்புகிறேன். என் பெயரில் ஒரு புகார்த் தாள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் கொடுங்கள். மறுக்கமாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், எனக்காக இல்லை. காலை பத்து மணியிலிருந்து இவள் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்க்கிறாள். எடுக்கிறாள், மறுபடி வைக்கிறாள். பிறகு திரும்பி என்னை நேராகப் பார்க்கிறாள். எங்கள் வீட்டுச் சுவர் சில்லென்று இருக்கிறது. ஆக்சிஜன் இருப்பதால் அறைக்குள் நெருப்பு எதுவும் ஆகாது. உங்கள் அடுப்பிலிருந்து ஒரு செங்கல்லைக் கை பொறுக்கும் சூட்டில் துணியில் சுற்றிக் கொண்டுவர முடியுமா? இவளுக்கு இன்று ஞாயிற்றுக்கிழமை என்று தெரிந்திருக்கிறது.

எறும்பின் அம்மா


ஆகஸ்ட் 1, வெள்ளி

எறும்பின் அம்மாவுக்கு,

தையல்காரிக்கு என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை.

உன் கடிதம் இரண்டு நாள் மாவு மூட்டை மேல் கிடந்தது. படித்த அன்று உன் மேல் வந்த கோபத்தில் ஒரு தட்டு ரொட்டியை அப்படியே கருகவிட்டேன். பெற்ற மகளைக் கொல்லப் பார்த்தவன் என்று பதினேழு நாள் என்னை நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பதினேழு நாளும் உனக்குத் தெரிந்திருந்தது.

நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். நீ ஜன்னலைச் சாத்திக்கொண்டு என் குரலில் மூக்கால் பேசியதையும், இவள் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே விழுங்கியதையும் படித்த இடத்தில் அழுதுவிட்டேன். மன்னித்தாயா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. நான் செய்ததை என்ன செய்வது என்றும் தெரியாது. தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். யார் பெயரிலும் தாள் வேண்டாம்.

இன்று மத்தியானம் ஒரு செங்கல்லைச் சூடாக்கி, கோணித்துணியில் சுற்றி, அதன் மேல் அந்தப் புதுச் சட்டையையும் சுற்றி, கடையிலிருந்து உன் வீடுவரை நடந்து பார்த்தேன். இருபத்தைந்து நிமிஷம். வாசலில் நின்று கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், சரியான சூடு. உள்ளே அந்த இயந்திரச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன்.

ஞாயிறு திரும்பமாட்டேன். பத்து மணிக்கு வருவேன். நான் பேசமாட்டேன், நீயும் பேசாதே, ரொட்டி வண்டியும் வேண்டாம். கல்லைச் சுவரோரம் வைத்துவிட்டு, ஆறினதும் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். வாசலில் நிற்க நேர்ந்தால் சூடு போய்விடும், கதவை முன்பே திறந்து வை.

எறும்பின் அப்பா